பின்னால் வந்த மூன்று பேர்

ராத்திரி மணி இரண்டே முக்கால். கால்வாயை ஒட்டிய சாலை. ஒரு பக்கம் ஷட்டர் இறக்கிய கடைகள். மறுபக்கம் தண்ணீர், அதில் இறங்கும் கல்படிகள். ஆள் நடமாட்டம் என்று பார்த்தால் நான்கு பேர்தான்... அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் எலெக்ட்ரீஷியனின் பெரியப்பா மகனுக்கு நடந்தது. அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆண் நர்ஸ் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுக் கிண்டலடிப்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. வருஷக்கணக்காக நைட் டியூட்டி பார்த்த உடம்பு அது.

சனி, ஞாயிறு வெளிநாட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வரலாம் என்பது ஆம்புலன்ஸ் டிரைவரின் யோசனை. லேபில் ரத்தம் எடுக்கிறவர் உடனே தலையாட்டினார். சிஸ்டர் அந்த இரண்டு நாள் லீவுக்காக மூன்று இரவு தொடர்ந்து டியூட்டி பார்த்துவிட்டு, வார்டிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்கு வந்தார். நான்காவது ஆள் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. பத்திரிகை அடித்த பிறகு கல்யாணம் நின்றுபோய், ஒரு மாதமாக அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவன்.

"கூட்டிட்டுப் போங்க, நாலு மனுஷங்க முகத்தப் பாக்கட்டும்," என்றாள் மனைவி. "ஆனா அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. நீங்க முன்னாடி போனா, எங்கன்னுகூடக் கேக்காம பின்னாடியே வருவான். பத்திரமாத் திருப்பிக் கூட்டிட்டு வந்துருங்க."

"என் பொறுப்பு," என்றார் இவர்.

நான்கு பேர் போனார்கள். மூன்று பேர்தான் திரும்பினார்கள்.

அந்த ஊரில் எதைத் தொட்டாலும் விலை சுட்டது. ஒரு கிளாஸ் பீர் காசில் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம் என்று லேப்காரர் ஒவ்வொரு கிளாஸுக்கும் புலம்பினார். புலம்பிக்கொண்டே அடுத்ததையும் ஆர்டர் பண்ணினார். சிஸ்டருக்கு முதல் கிளாஸிலேயே கண் சொருகிவிட்டது. சுவரில் சாய்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தார். கடையை மூடப்போகிறோம் என்று எல்லா விளக்கையும் போட்டபோது திடுக்கிட்டு எழுந்து, வாசலில் போய் நின்றுகொண்டு ஆட்களை எண்ணினார்.

எண்ணினார் என்றால் எப்படி? இங்கேதான் விஷயம். ராத்திரி ரவுண்ட்ஸ் போகும்போது நோயாளியின் முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. ஒருத்தர் முழித்தால் அப்புறம் வார்டே தூங்காது. அதனால் டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்து, போர்வைக்கு வெளியே தெரியும் கால்களை எண்ணிக்கொண்டே போவார். பதினேழு வருஷப் பழக்கம். அன்றைக்கும் தலையைத் தொங்கப் போட்டபடி, வாசற்படியைத் தாண்டிய ஷூக்களைத்தான் எண்ணினார். ஒரு ஜோடி... இரண்டு... மூன்று. சரி, எல்லாரும் வந்தாயிற்று. ஒருத்தர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டாக்ஸிக்காரன் கேட்ட விலைக்கு நடந்தே போய்விடலாம் என்று நடந்தார்கள். வழி காட்டும் போன் சிஸ்டரிடம் இருந்ததால் அவர் முன்னால். அவருக்குப் பின்னால் டிரைவரும் லேப்காரரும் ஒரு பாட்டை ஆளுக்கொரு சுருதியில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கும் பின்னால்... சளக்... சளக்... சளக். ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்ட சத்தம்.

"எங்கடா கால விட்ட?" என்று திரும்பாமலேயே கேட்டார் சிஸ்டர்.

பதில் இல்லை. ஒரு மாதமாகவே அவன் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாடை ஒன்று வந்தது. பூச்சாடியில் பல நாள் மாற்றாத தண்ணீரின் வாடை. கால்வாய்தான் நாறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அறையில் மூன்று கட்டில். நான்காவதுக்குத் தனி வாடகை என்றதால் சிஸ்டருக்கு நாற்காலி. விளக்கைப் போடக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. டிரைவரும் லேப்காரரும் விழுந்த வேகத்தில் குறட்டை விட்டார்கள். ஜன்னல் ஓரக் கட்டிலில் மூன்றாவது ஆள் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

சிஸ்டருக்குத் தூக்கம் வரவில்லை. வேலை நேரத்தில் கண்ணைச் சுழற்றும், படுக்கிற நேரத்தில் வராது. நைட் டியூட்டிக்காரர்கள் வாங்கி வந்த வரம் அது. சும்மா இருக்க முடியாமல் எழுந்து ரவுண்ட்ஸ் போனார். குடித்துவிட்டுப் படுத்தவர்கள் ஆயிற்றே. பாதத்தின் மேல்பக்கம் இரண்டு விரலை வைத்தால் நாடி தெரியும், ஆளை எழுப்ப வேண்டியதில்லை. டிரைவர்... சூடான பாதம், நாடி துடித்தது. லேப்காரர்... துடித்தது. மூன்றாவது பாதத்தில் விரலை வைத்தார்.

ஈரம். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. நாடி இல்லை.

விரலை நகர்த்தி வைத்துப் பார்த்தார். கணுக்காலில் தேடினார். இல்லை. இந்தச் சில்லிப்பு என்னவென்று அவருக்குத் தெரியாதா? ஐயோ, அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் தோன்றியது. முகத்திலிருந்து போர்வையை விலக்கக் கையை நீட்டினார்.

அவர் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மச்சினன்.

"மாமா..." மூச்சு வாங்கியது. "கொஞ்சம் மெதுவா நடங்களேன். என்னால ஈடு குடுக்க முடியல."

"டேய்... எங்கடா இருக்க?"

"உங்க பின்னாடிதான். பாத்ரூம் போய்ட்டு வந்து பாத்தா எல்லாரும் போய்ட்டாங்க. நல்லவேளை, நீங்க எனக்காக நின்னீங்க. எத்தன வாட்டி கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறீங்க, அதான் போன் பண்ணேன்."

கட்டிலில் அந்தப் பாதம் மெல்ல... மிக மெல்ல... போர்வைக்குள் போனது.

சிஸ்டர் அதைப் பார்த்தார். பார்த்தும் ஓடவில்லை. போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் சொல்றதக் கேளு. அங்கயே நில்லு. அது நான் இல்ல. நான் ரூம்ல இருக்கேன்டா!"

"ஒரு கிளாஸுக்கே இவ்வளவு போதையா மாமா?" அவன் சிரித்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தான். "அதோ, கண்ணெதிர்ல போறீங்களே. உங்க நடை எனக்குத் தெரியாதா... இப்ப எதுக்குப் படில இறங்குறீங்க? அங்க தண்ணி இருக்கு மாமா."

"நில்லுடா! உங்க அக்கா மேல சத்தியம், நில்லு!"

கல்படியில் ஷூ சத்தம். ஒன்று... இரண்டு... பிறகு தண்ணீர் அலம்பும் சத்தம். பிறகு போனுக்கு மிக அருகில் வேறொரு குரல். வேறென்ன வேறு... சிஸ்டரின் குரலேதான். மூன்று இரவு தூங்காத குரல்.

"வா தம்பி, இன்னும் ரெண்டே படி. போய்ப் படுத்துத் தூங்கிடலாம்," என்றது.

சொல்லிவிட்டு, நீளமாக ஒரு கொட்டாவி விட்டது.