மீட்க வந்தவர்

எனக்கு மதியத்துல தூக்கம் வராது சார். அன்னைக்கும் சும்மாதான் படுத்திருந்தேன்.

ஹோரேஸ் டில்மனோட வீட்ட வரி பாக்கிக்காகக் கோர்ட் வாசல்ல ஏலம் விட்டாங்க, பாதி வெலைக்கு நான் எடுத்தேன். ஜார்ஜியா சட்டம் தெரியும்ல? ஒரு வருஷத்துக்குள்ள அபராதத்தோட பணத்த என் கையில கட்டினா வீடு மறுபடி அவருக்கே. அதுவரைக்கும் பத்திரம் எங்கிட்ட, வீடு அவர்கிட்ட. விக்கலாம்னா, நாளைக்கு வேற யாராவது உரிமை கேட்டு வந்தா ஈடு கட்டறதுக்குப் பத்திரத்துக்குன்னு ஒரு இன்சூரன்ஸ் வேணும், அவர் மீட்க வழி இருக்கற வரைக்கும் அதத் தர மாட்டேங்கறாங்க. அந்த இன்சூரன்ஸ் இல்லேன்னா வாங்கறவனுக்கு எந்த பேங்க் கடன் குடுக்கும்? நானோ என் வீட்ட அடமானம் வெச்சு ஏலத்துல எடுத்தவன். வருஷம் பூரா மடியில நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் அலைஞ்சேன்.

சர்ச்சுல பாத்தா கேலி பண்ணுவார். "ஏம்ப்பா வெண்டல், எளைச்சுட்டியே. பீச் பழ அறுவடை முடியட்டும், என் வீட்ட மீட்டுக்கிட்டு உன்னைத் தூங்க விடறேன்." நானும் சிரிப்பேன். நல்ல மனுஷன்.

கெடுவோட கடைசி நாள் மதியம் வந்தார். "வெண்டல், கதவத் தொறப்பா. பணம் கொண்டாந்துட்டேன்." நான் அசையல. கையில வாங்கலேன்னா கட்டினதா ஆகாது, ராத்திரியோட வீடு எனக்கே ஆயிடும்னு என் எண்ணம். கொஞ்ச நேரத்துல தொப்புன்னு சத்தம். "நெஞ்சு வலிக்குதுப்பா"ன்னார்.

திரைய விலக்கிப் பாத்தேன். படியில சாஞ்சு கெடந்தார். கதவத் தொறந்தா பணத்தையும் வாங்கணுமே. இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவர் கூப்பிடறது முன்னாடியே நின்னு போச்சு. அவர் மேல நான் ஒரு விரல்கூட வைக்கல, அத எழுதிக்குங்க.

விடிஞ்சதும் இன்சூரன்ஸ் ஆபீஸ் மார்லீனுக்குப் போன் போட்டேன். அவர் இன்னும் படியிலதான் இருந்தார்.

"கெடு முடிஞ்சுதும்மா."

"நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"என்ன நோட்டீஸ்?"

"அட ஆண்டவரே, வருஷம் முடிஞ்சா மட்டும் போதுமா? இந்தத் தேதிக்குள்ள மீட்டுக்கோன்னு முறையா நோட்டீஸ் குடுத்து, அந்தத் தேதியும் தாண்டணும். அதுவரைக்கும் அவர் உரிமை அப்படியே இருக்கு. அவர் இல்லேன்னா அவர் பொண்ணுக்கு."

எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். ஒரு வருஷம் தூங்காம இருந்தது அத்தனையும் வீண். அப்புறம்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி உங்களக் கூப்பிட்டேன்.

பொண்ணு லொரெட்டா அடக்கத்துக்கு நாளைக்கு வர்றாளாம். நோட்டீஸ் எழுதி வெச்சுட்டேன். எப்படியும் எல்லாரும் சர்ச்சுல இருப்பாங்க. சவப்பெட்டிய மூடறதுக்குள்ள அவ கையில குடுத்துடலாமில்ல சார்?