தாண்டிப் போன கட்டளை

இரவு பதினொன்றேகால் மணி. காட்டுப்பாக்கத்திலிருந்து நூம்பலுக்குப் போகிற உள்சாலை. பாதி விளக்கு எரியாது… எரிகிற பாதியும் கண் சிமிட்டும். அந்தச் சாலையில் ஒற்றை ஸ்கூட்டர். ஓட்டி வந்தவள் ஜெபா. நம் தெருவில் ஆக்னஸ் இருக்கிறாளே, அவளுடைய சித்தி மகள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் செல்லங்களா, அதில் ஒன்றும் வெட்கமில்லை.

ஜெபாவுக்குப் பயமில்லை. கோபம். வயிற்றில் அடுப்பை மூட்டி வைத்த மாதிரிக் கோபம்.

பதினாறு நாளைக்கு முன் ஆவடியில் ஒரு பட்டறையில் தசரதன் என்கிறவர், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டார். தகட்டை வைத்துக் கையை எடுப்பதற்குள் மிஷின் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கை உள்ளே இருந்தால் இறங்காதே என்று அந்த மிஷினைத் தடுக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியைச் செய்தது ஜெபா வேலை பார்க்கும் கம்பெனி.

மேனேஜர் சரவணக்குமார் அறிக்கையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார். ‘பெட்டியில் குறையில்லை. தொழிலாளி குடித்திருந்தார்.’ காலை ஒன்பது மணிக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் பெட்டியின் மெமரியைச் சோதித்துவிட்டு ஜெபா கையெழுத்துப் போட வேண்டும். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான் என்கிற தைரியம்!

அன்று சாயங்காலம் தசரதனின் மனைவி கன்னியம்மா கம்பெனி கேட்டருகே நின்று ஜெபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குட்ச்சிட்டு செத்தாருன்னு எழுதாதம்மா. ஸ்கூல்ல என் புள்ளைங்கள குடிகாரன் பசங்கன்னு கூப்புட்றாங்கோ. சக்கரை வியாதிக்கார மன்சன்… டீயக்கூட வெறும் டீயா குடிச்சவரு.”

அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டிருந்தது.

கம்பெனி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். மேஜைமேல் விபத்தான மிஷினிலிருந்து கழற்றிய பெட்டி. மூலையில் காய்ந்த கறுப்புத் திட்டு… அது எண்ணெய் இல்லை. பக்கத்துக் கூடத்தில், சோதனைக்கென்று கம்பெனி வைத்திருக்கும் பழைய பிரஸ். ஃபியூஸைப் பிடுங்கி வாட்ச்மேனிடம் கொடுத்து ஒரு வாரமாகிறது.

மெமரியைச் சோதிக்கிற புரோகிராம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் மாதிரி. ஒவ்வொரு கட்டளையாக வாங்கிப் பார்த்துத்தான் பெட்டியின் மூளையான பிராசஸரிடம் அனுப்பும். தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் அங்கேயே நின்றுவிடும். அன்றும் நின்றது. ‘இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது.’

அந்த ஆபீஸில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. தெரியாததைத் தாண்டிப் போ என்று ஒரு வரி தட்டிவிட்டு மேலே போவார்கள். ஜெபாவும் தட்டினாள்.

தட்…டக்.

கூடத்தில் பிரஸ் இறங்கிய சத்தம். தரை அதிர்ந்து அவள் உள்ளங்காலில் ஏறியது. பிறகு காற்று கசிந்தது… ஸ்ஸ்ஸ். சூடான இரும்பு வாசனை. அதோடு வெறும் டீயின் வாசனை.

வாட்ச்மேன் நடேசன் ஓடிவந்தார். “இன்னாம்மா, இந்நேரத்துல மிஷின் ஓட்டிகினு கீறே?”

“நான் எங்கண்ணா ஓட்டினேன்? ஃபியூஸ் எங்க?”

நடேசன் சட்டைப் பையைத் தடவினார். மூன்று ஃபியூஸும் அங்கேயே இருந்தன. மனிதர் அப்புறம் வெளியே போகவே இல்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

மறுபடி ஓட்டினாள். அதே இடத்தில் நின்றது. தாண்டச் சொன்னாள்.

தட்…டக்.

மூன்றாம் தடவை அவள் தாண்டவில்லை. பிராசஸரின் கையேட்டைத் திறந்து அந்தக் கட்டளையைத் தேடினாள். இல்லை. ஆறு மாதம் முன்பு மலிவு என்று மாற்றிய பிராசஸர். அதற்கே அந்தக் கட்டளை தெரியாது. அப்படியானால் பெட்டி நின்றிருக்க வேண்டும். பெட்டி நின்றால் மிஷினும் நிற்கும். தசரதன் கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

ஏன் நிற்கவில்லை?

பெட்டிக்குள் இருந்த புரோகிராமைப் புரட்டினாள். அங்கேயும் அதே வரி. தெரியாத கட்டளையா, தாண்டிப் போ. சோதனைக்காக ஒரு வெள்ளிக்கிழமை அவளே எழுதியது. ‘பிறகு எடுக்கவும்’ என்று குறிப்பு வேறு. யாரும் எடுக்கவில்லை. பழைய பிராசஸரின் கையேட்டில் தேடினாள். தாண்டப்பட்ட கட்டளை என்ன தெரியுமா? ‘உள்ளே கை இருக்கிறதா?’ என்று சென்சாரைக் கேட்கிற கட்டளை.

கோபம் இப்போது அவள் பக்கமே திரும்பிற்று. மேனேஜருக்குப் போன் செய்தாள்.

காட்டுப்பாக்கத்திலிருந்து பத்தே நிமிடத்தில் காரில் வந்தார் சரவணக்குமார். “நடுராத்திரியில நியாயம் பேசுறியா? ஒரு வரி தட்டுறதுக்கு இவ்வளவு சீனா? தள்ளும்மா.”

“வேண்டாம் சார். உள்ள கை இருக்கான்னு அது கேள்வி கேக்குது சார். பதில் சொல்லுங்க.”

“குடிகாரன் கைய விட்டான். அவ்வளவுதான் பதில்.”

தாண்டிப் போ என்று தட்டினார்.

சத்தமே வரவில்லை. காற்றுகூடக் கசியவில்லை. தெரு நாய்கள் குரைப்பதும் நின்றுபோயிற்று.

“பாத்தியா? பேயாம் பேயி!” என்று சிரித்தார். “சென்சாரும் நல்லாத்தான் இருக்கு, இதோ.” மேஜையில் சோதனைக்கு இரண்டு கம்பம் நட்டிருக்கும், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. கையை விட்டால் சிவப்பு எரிய வேண்டும். விட்டார். பச்சையே எரிந்தது.

“ஒயர் லூசா இருக்கும். நீ வைய்யி.”

ஜெபா வைத்தாள். சிவப்பு. நடேசன் வைத்தார். சிவப்பு. மேனேஜர் இரண்டு கையையும் விட்டார்… குனிந்து தலையையே விட்டார்.

பச்சை.

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறிக்கை மேஜையிலேயே கிடந்தது. ஜெபா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் தப்பை முதல் வரியாக வைத்துப் புதிதாக எழுதினாள். காலையில் அதிகாரியின் கையில் அவளே கொடுத்தாள். வேலை அன்றே போயிற்று. போகட்டும். ‘குடித்திருந்தார்’ என்ற சொல் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. கன்னியம்மா அந்த அறிக்கையின் நகலைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப்போய், டீச்சரை உரக்கப் படிக்க வைத்தாளாம்.

சரவணக்குமார் உயிரோடுதான் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், பேசுகிறார். ஆனால் கடைகளில் தானாகத் திறக்கும் கதவு அவருக்குத் திறப்பதில்லை. லிஃப்டில் கதவு அவர்மேல் மூடிக்கொண்டே வரும். மனைவி ஓடிவந்து கையை நீட்டினால்தான் நிற்கும்.

போன மாதம் நெஞ்சு வலி என்று பூந்தமல்லியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்த பெண் மூன்று தடவை எடுத்தாள். படத்தை யாரிடமும் காட்டாமல் அவர் மனைவியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

கழற்ற மறந்த கழுத்துச் சங்கிலி மட்டும் வெள்ளையாக, வட்டமாக விழுந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் கழுத்து இல்லை.