சில்லுமேட்டுக் கொம்பையா

இந்த ரோடு வெறும் மாட்டுவண்டித் தடமாக் கெடந்த காலம். அப்ப நம்ம நொச்சிக்கால் ஊருல கொம்பையான்னு ஒருத்தன் இருந்தானாம். என்னலே மொறைக்க? நம்ம பூட்டன்தான். குடிச்சுக் கெடந்த வரைக்கும் அவன் இவன்னுதான் சொல்லுவேன். மரியாதை வார எடத்துல வரும்.

வண்டி அடிக்கிறதுதான் அவன் தொழில். நல்ல உழைப்பாளி, மாட்டக்கூட அடிக்கமாட்டான். ஆனா பொழுது சாஞ்சாக் கள்ளு. ஒரு கலயம் குடிச்சா இன்னொரு கலயம் கேக்கும், அதுக்குப் பொறவு தான் யாருன்னே தெரியாது. ஒருநா அந்த நெலமையில மகள வச்சுக்கிட்டே வண்டிய ஓடைக்குள்ள எறக்கிட்டானாம். ஓடையில வெள்ளம். புள்ள நழுவி விழுந்துட்டு, இவனுக்குத் தெரியல. கரையில துணி தொவச்சவங்க முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாங்களாம்.

அவன் பொண்டாட்டி உலகம்மா. அவ அழல, சண்டையும் போடல. சொன்னாளாம்: "முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்க அண்ணன் வருவாரு. அதுக்குள்ள ஒரே ஒரு நா நீங்க நெலகொலஞ்சு வந்தாலும், புள்ளயோட அண்ணன் வண்டியில ஏறிருவேன்."

கொம்பையா திண்ணையில போய் உக்காந்து யோசிச்சான். சத்தியம் பண்ணலாம்னா, பண்ணாத சத்தியமா? சூடத்த அடிச்சே பண்ணியிருக்கான், ஒண்ணும் நிக்கல. முந்தி ஒரு தரம் ஒரேயடியா விட்டும் பாத்தான். கை நடுங்கி, கொமட்டி, மூணாம் நா ரெண்டு பங்காக் குடிச்சதுதான் மிச்சம்.

பொறவு என்ன செஞ்சான்? யாருகிட்டயும் மூச்சு விடல. தெருவுல ஒடஞ்சு கெடந்த பானை ஓட்டாஞ்சில்லு ஒண்ண எடுத்துக் கழுவி, தன் கள்ளுக் கலயத்துக்குள்ள போட்டான். இந்த ஒரு கலயத்துக்கு மேல ஊத்தாதீரும்னு கடைக்காரருகிட்டச் சொல்லிட்டான். மறுநா இன்னொரு சில்லு. அதுக்கு மறுநா இன்னொண்ணு. மொதல்ல சில்லு, பொறவுதான் கள்ளு. மழை பெஞ்சாலும் சில்லு, காச்சல் அடிச்சாலும் சில்லு. வெளிய பாத்தா அதே கலயம்தான், உள்ள எடம் கொறஞ்சுக்கிட்டே வருதாம். ஒடம்புக்கே தெரியாம ஒடம்ப ஏமாத்துதான் பாருங்க. கொடை நெருங்கையில ரெண்டு மடக்குதான் அதுல கொள்ளும்.

கொடையும் வந்துச்சு. அண்ணன் வாராருன்னு உலகம்மா வீட்ட மொழுகி, பாத்திரம் பண்டமெல்லாம் வெளக்கினா. கொட்டில்ல தொங்குன இந்தக் கலயத்தையும் விடல. உள்ள பாத்தாச் சில்லு. புள்ள பாண்டி வெளையாடுத சில்லு போலன்னு எருக்குழிப் பக்கம் கொட்டிட்டு, கலயத்தத் தேச்சு மாட்டிட்டா.

சாயங்காலம் கள்ளுக்கடையில ஒரே கூட்டம். வந்த அவசரத்துல கலயம் லேசா இருந்தத இவன் கவனிக்கல. இவன் மடியில இருந்து சில்ல எடுக்குமுன்ன, கடைக்காரர் கலயத்த வாங்கித் தளும்பத் தளும்ப ஊத்திட்டாராம். இவன் அன்னைக்குப் போடவேண்டிய சில்லப் போட்டான். எப்பவும் டக்குன்னு மேல உக்காரும். இது உள்ள போய்க்கிட்டே இருக்கு. எட்டிப் பாத்தான். முழுக் கலயமும் கள்ளு.

நாக்கு ஊறுது. கொடையும் அதுவுமா என்ன யோசனை, குடின்னு சுத்தி நின்னவனெல்லாம் சொல்லுதான். ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு மீதியக் கொட்ட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. வாய வச்சா நிறுத்தத் தெரியாதுலே! தன் வாய அவன் நம்பல, சில்லத்தான் நம்பினான். கொட்டவும் மனசு வரல, குடிக்கவும் பயம். கலயத்த ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு, வீட்டப் பாத்து நடந்தாரு. ஆமா, இனிமே அவருதான்.

தெரு பூரா பாக்குது. வாசல்ல உலகம்மாவோட அண்ணன் நயினாரு வண்டி நிக்கி. கள்ளு வாசம் அவருக்கு முன்னால போகுது. நயினாரு பாத்தாரு. "ஏறு தாயி, இனி என்ன இருக்கு"ன்னாரு. உலகம்மா புள்ளயத் தூக்கி இடுப்புல வச்சு, ஒரு கைய வண்டிச் சட்டத்துல போட்டுட்டா.

கொம்பையா சொன்னா யாரு நம்புவா? சில்லத் தேடிக் கொல்லைக்குப் போனாரு, எருக்குழி ஓரத்துல செதறிக் கெடக்கிறதப் பாத்துட்டுக் குந்தினாரு. ஒரு சில்ல எடுத்தாரு, வேட்டியில தொடச்சுக் கலயத்துல போட்டாரு. கள்ளு வழிஞ்சு மண்ணுல ஓடிச்சு. இன்னொண்ணு போட்டாரு. வழிஞ்சுச்சு. இன்னொண்ணு. வழிஞ்சுச்சு.

உலகம்மா பின்னாலயே வந்து பாத்துக்கிட்டே நின்னா. தான் எதக் கொட்டினோம்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. புள்ளய எறக்கி விட்டுட்டு அவருக்கு எதுக்க வந்து குந்தி, அவளும் தேடித் தேடி எடுத்துக் குடுத்தாளாம். சில்லு கலயத்துக் கழுத்து வரைக்கும் வந்துச்சு.

"இது எப்ப நெறையும்?"

"தெரியல உலகம்மா. நாளைக்கு ஒண்ணு போடணும்."

நயினாரு போயி வண்டி மாட்ட அவுத்துக் கட்டினாராம்.

கலயம் நெறஞ்ச பொறவும் அவரு விடல. அந்த எருக்குழி எடத்துலயே சாகுத வரைக்கும் தினம் ஒரு சில்லு வச்சாரு. இப்ப பஸ்ஸு நிக்குதே, அந்தச் சில்லுமேடு அப்பிடி வந்ததுதான். மூக்குப்பொடி போடுதத விடணும்னு நெனைக்கவன், பொண்டாட்டிய ஏசுதத விடணும்னு நெனைக்கவன், வேலைக்குப் போற வழியில ஒரு சில்லு வச்சிட்டுப் போவான். எதுக்குன்னு அவன் சொல்லக்கூடாது, நாம கேக்கவும் கூடாது. நேத்துப் புதுசா ஒரு சில்லு கெடந்துச்சு. வச்சவன் இங்கதான் உக்காந்திருக்கான், பேரச் சொல்லமாட்டேன். நாளைக்கும் வைக்கானான்னு பாக்கேன்.