தலைப்பில் அப்பாவின் படம்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

எனக்குக் கணினி தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுபத்து நான்கு வயதிலும் என் கடிதங்களை நானே தட்டச்சு செய்கிறேன்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனை என் அப்பா சவரிமுத்து தொடங்கியது; இப்போது நான் நடத்துகிறேன். கல்வராயன் மலையில் எங்களுக்கு ஒரு துணை நிலையமும் உண்டு. அங்கே போன் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அவசரம் என்றால் மலைச் செவிலி கணினியில் சேதி அனுப்புவார். அது எங்கள் சர்வருக்கு வந்து ஓட்டுநரின் கைப்பேசிக்குப் போகும். எழுத்தில் சேதி வராமல் வண்டி கிளம்பக் கூடாது என்பது அப்பா வைத்த விதி.

அதோடு நான் ஒன்று சேர்த்தேன். சர்வர் அனுப்பும் ஒவ்வொரு சேதியின் தலைப்பிலும் அப்பாவின் படம். அவர் மார்பிலுள்ள பதக்கத்தின் எழுத்துகூடத் தெரியும் பெரிய படம்.

சில மாதங்களாகச் சர்வர், மெமரி போதவில்லை என்று பிழை காட்டியது. அதைக் கவனிக்கும் அறிவுச்செல்வன் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“அய்யா, சேதி ரெண்டே வரி. அதும்மேல பெரியவர் படம் லாரி லோடு மாதிரி ஏறுதுங்க. எல்லாத்தையும் மெமரியில வச்சிக்கினு சர்வர் மூச்சு முட்டுது. படத்தக் கம்மி பண்ணிடலாமுங்களா?”

“எவ்ளோ?”

“ஸ்டாம்ப் சைஸ் போதுங்க.”

“உங்க வூட்டுப் பெரியவர ஸ்டாம்ப் ஆக்கிக்கோ. எங்க வூட்ல வாணாம்.”

அவர் சிரித்தார். அதன் பிறகு தினமும் சர்வரை நிறுத்தி, மறுபடி ஓட்டிச் சமாளித்தார்.

ஆகஸ்டு பன்னிரண்டு அப்பாவின் நினைவு நாள். காலைத் திருப்பலி முடிந்ததும் தொள்ளாயிரம் குடும்பங்களுக்கு நினைவு மடல் அனுப்பச் சொன்னேன். பத்து மணிக்கு அறிவுச்செல்வன் வந்தார்.

“அய்யா, சர்வர் திணறுது. மடல நிறுத்திட்டு, படத்த எடுத்துட்டு ஒருதபா ஓட்டிடறேங்க. மலைலேர்ந்து நர்சு மகேஸ்வரி போட்ட சேதியும் மடலுக்குப் பின்னால சிக்கிக்கினு கீது.”

“எத்தினி?”

“மூணு. மூணும் அவசரம்னு போட்டுக்குது.”

ரிஷிவந்தியத்திலிருந்து வந்த உறவினர்கள் மடல் வருமென்று கைப்பேசியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். முதலில் பெரியவர் மடல் போகட்டும் என்றேன். அது போய் முடிய மதியம் இரண்டரை மணி ஆயிற்று.

அந்த மூன்று சேதிகளும் வெள்ளச்சி என்ற மலைப் பெண்ணைப் பற்றியவை. பிரசவத்துக்குப் பின் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. கணவன் கரியன் காய்கறி வண்டி ஒன்றைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தான். மலைப்பாதையிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்றான்.

“அந்த நர்சுப் பொண்ணு மூணு வாட்டி சேதி போட்டுச்சுங்க. பக்கத்துல நின்னு பாத்தேன். வண்டிக்கு இன்னாங்க ஆச்சு?”

விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவும் செய்தேன். அந்த மூன்று சேதிகளையும் அறிவுச்செல்வனைக் கொண்டு சர்வரிலிருந்து அழித்தேன். மகேஸ்வரி சேதி அனுப்பவில்லை என்று அறிக்கை எழுதி, அவளை வேலையிலிருந்து நீக்கினேன். என் அப்பா பெயரில் உள்ள உதவித்தொகையில் செவிலியர் படிப்பு படித்தவள் அவள். அதை நினைவுபடுத்தியதும் அழுகையை நிறுத்திக்கொண்டாள். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். குடும்பத்தின் பெயர் அப்படியல்ல.

இவ்வளவோடு இது முடிந்திருக்கும். போன வாரம் ஒரு பத்திரிகை, எழுத்தில் கேட்டால்தான் வண்டி என்ற விதியே வெள்ளச்சியைக் கொன்றது என்று எழுதியது. அது அப்பாவின் விதி. அதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் கேட்டார்கள், மூன்று முறை கேட்டார்கள். விதியில் பிழையில்லை. சேதி நிற்பது தெரிந்தும் நிற்கட்டும் என்றவன் நான், ச. ஆசீர்வாதம். வெள்ளச்சியின் சாவுக்கு நானே பொறுப்பு. அப்பாவின் பெயரை இதில் இழுக்காதீர்கள்.

மகேஸ்வரியை மீண்டும் வேலையில் சேர்க்கும் உத்தரவை நேற்றுக் காலையே அனுப்பினேன். இன்னும் வரிசையில் நிற்பதாக அறிவுச்செல்வன் சொல்கிறார்.

இந்த வாக்குமூலமும் அதே சர்வர் வழியாகத்தான் வருகிறது. வந்து சேரத் தாமதமானால், தயவுசெய்து படத்தைக் குறை சொல்லாதீர்கள்.