லயம் முழுக்கக் கேட்ட திட்டு

பீர்மேட்டில் ஏறிய குமுளி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவளின் கழுத்தில் ஒயர் இல்லாத ஹெட்செட்.

“மேனேஜர் என்னைத் திட்டுனது எஸ்டேட் லயத்துல வரிசையா இருக்குற வீடு அத்தனைக்கும் கேட்டுச்சு. எனக்கு மட்டுந்தான் கேக்கல” என்றாள் அவள். நான் என் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“அதெப்படிடி?” என்றாள் தோழி.

“வீட்டுல இருந்தே லேப்டாப்புல ஆபீஸ் மீட்டிங். ஹெட்செட்டுல சத்தமே வரல. சார்ஜ் இருக்கு, கனெக்ட் ஆயிருக்குன்னும் காட்டுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்தேன். கடைசில பாத்தா, லேப்டாப் சத்தமெல்லாம் பக்கத்து வீட்டு செல்வி அக்காவோட ஸ்பீக்கருக்குப் போயிருக்கு.”

“கோயில் பொங்கலுக்கு உன் லேப்டாப்ப அந்த ஸ்பீக்கர்லதான கனெக்ட் பண்ணிப் பாட்டுப் போட்டுக் குடுத்த!”

“அதைத்தான் லேப்டாப் மறக்கல. ‘எஸ்டேட்டுல கெடக்குறவங்களுக்கு எதுக்கு இந்த வேலை’ன்னு அந்தாளு சொன்னது செல்வி அக்கா அடுப்படியில கேட்டிருக்கு. கரண்டியோட ஓடி வந்து, ‘எவன்டா அது, எங்க புள்ளையச் சொல்றது?’ன்னு லேப்டாப்பப் பாத்துக் கேட்டுருச்சு.”

“ஐயோ! மைக்கு?”

“அது மட்டும் நல்லா வேலை செஞ்சுச்சு.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இப்பச் சரி பண்ணிட்டியா?”

“சத்தம் எதுல வரணும்னு மாத்தி வச்சா முடிஞ்சுச்சு. மாத்தல. நாளைக்கும் அந்தாளோட மீட்டிங் இருக்கு.”

“வேலை போயிரும்டி.”

“போனா போகட்டும். சொல்றத லயத்துக்கே சொல்லட்டும். செல்வி அக்கா நாளைக்கு லீவு போட்டிருக்கு.”