ஒட்டுநாடா இல்லாத ரீல்

நூல் சுற்றும்போது நான் யாரோடும் பேசுவதில்லை. பேச்சில் மனம் போனால் விரலின் பிடி தளர்ந்துவிடும். எங்கள் தூண்டில் சாமான் கடையில் பதினாறு வருடமாக அந்த வேலை என்னுடையது. முன்னறையில் அண்ணன் வியாபாரம் பார்ப்பார், பின்னறையில் நான் ரீலுக்கு நூல் ஏற்றுவேன்.

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத்தில் ‘கவனக்குறைவால்’ என்று ஒரு சொல் இருக்கிறது, ஐயா. அதற்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன்.

பலர் நூல்கட்டையைப் பென்சிலில் மாட்டிச் சுழலவிட்டு ஏற்றுகிறார்கள். முறுக்கு விழும், வீசும்போது சிக்கும். நான் கட்டையை லேபிள் மேலே தெரியும்படி தரையில் படுக்க வைப்பேன். இருபது சுற்றுக்குப் பிறகு நூலைத் தளர்த்திப் பார்ப்பேன். சுருண்டால் கட்டையைத் திருப்பிப் போட வேண்டும். பிறகு ஈரத்துணியால் பிடித்து ஒரே இறுக்கமாக ஏற்றி, விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துவேன்.

பின்னல் நூல் என்றால் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. ரீலின் உருளை வழவழப்பானது. அதில் முதலில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால், பெரிய மீன் இழுக்கும்போது ஏற்றிய நூல் மொத்தமும் உருளைமேல் வழுக்கும். கைப்பிடியை எவ்வளவு சுழற்றினாலும் ஒரு முழம்கூட ஏறாது. உங்கள் ஆட்கள் அண்ணனின் ரீலைப் பிரித்தபோது ஒட்டுநாடா இல்லை. மறந்துவிட்டாயா என்று நீங்கள் அன்பாகத்தான் கேட்டீர்கள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

நல்ல மீன் பிடித்தவர்கள் கடைக்கு வந்து அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். “உங்க கைராசியே தனிங்க” என்பார்கள். அவரும் சிரித்து வாங்கிக்கொள்வார். இரண்டு அறைக்கும் நடுவில் வெறும் திரைதான், எனக்குக் காதும் நன்றாகக் கேட்கும். அதைப் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு பல் டாக்டர் கேட்டார். “உள்ள ஒருத்தர் சுத்துறாரே, அவர்கிட்ட நானும் கத்துக்கலாமா?”

“இதுல கத்துக்க என்ன இருக்கு டாக்டர்? குரங்கு கையில குடுத்தாலும் சுத்தும். தம்பிக்கு வேற எதுவும் வராது, அதான் உக்கார வெச்சிருக்கேன்” என்றார் அண்ணன்.

இருவரும் சிரித்தார்கள். அப்போது கையில் இருந்தது டாக்டரின் ரீல். அதை ஒழுங்காகவே முடித்துக் கொடுத்தேன். சிரித்ததற்காக ஒருவரின் ரீலைக் கெடுப்பவன் இல்லை நான்.

அந்த வாரமே அண்ணன் தன் புது ரீலைக் கொடுத்தார். ஒட்டுநாடா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒட்டவில்லை. மற்றதெல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்தேன். ஒரு மீன் நழுவட்டும், என் அருமை தெரியட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். அண்ணியிடம் மட்டும் மறதி என்று சொன்னேன். அழுதுகொண்டிருந்தவளிடம் வேறென்ன சொல்வது?

ஞாயிறு காலை இருவரும் கடலோர அலைதடுப்புக் கற்களுக்குப் போனோம். ஏழு மணிக்கு ஒரு பெரிய மீன் கடித்தது. அத்தனை பெரியதை அண்ணன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பாசி பிடித்த கடைசிக் கல்லில் நின்றுகொண்டு கத்தினார்.

“டேய், வழுக்குதுடா. என்னடா பண்ணி வெச்சிருக்க?”

பின்னல் நூலை வெறுங்கையில் சுற்றக் கூடாது. அது அறாது, சதையை அறுக்கும், இறுகிவிட்டால் கழற்ற முடியாது. கடையில் அதை விற்கிற அண்ணனுக்கும் இது தெரியும். ஆனால் ஆசை கண்ணை மறைக்கும்.

“கையில ரெண்டு சுத்து சுத்திக்கோண்ணே” என்றேன். “நான் பின்னால பிடிச்சுக்கறேன்.”

சுற்றிக்கொண்டார். ஒன்றின்மேல் ஒன்றாக, தாறுமாறாக. சுற்றத் தெரிந்தவன் அப்படிச் சுற்ற மாட்டான். நான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பலமாகத்தான் பிடித்திருந்தேன். மீன் இழுத்தது, அவர் கால் சறுக்கியது, அப்போதும் விடவில்லை. அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கும்வரை விடவில்லை.