மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி

அச்சடித்த தாளை யாரும் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை ஐயா. கண் முதலில் பெரிய எழுத்துக்குப் போகும். அப்புறம் கலர் எங்கேயோ அங்கே. பிறகு பெட்டி, அம்புக்குறி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆபீஸ் மேடம். "கண்ணு மாடு மாதிரி. நாம எங்க கயித்தப் புடிச்சு இழுக்கறமோ அங்கதான் வரும்" என்பார்.

மூட்டை தூக்கி இடுப்பு போன பிறகு என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். ஆலையின் மாதச் செய்தித்தாளுக்குப் பக்கம் ஒட்டும் வேலை. கத்தரி, பசை, ஸ்கேல். தலை நரைத்த பிறகு, ஷிப்டு முடித்து வகுப்புக்குப் போய், ழகரத்தோடும் ளகரத்தோடும் மல்லுக்கட்டி எழுத்துக் கற்றவன் நான். மச்சினனையும் கூப்பிட்டேன். பெண்டாட்டியின் தம்பி, தொட்டி கழுவும் பிரிவில் இருந்தான். "எனக்கெதுக்கு மாமா? அதான் நீங்க படிச்சுச் சொல்றீங்களே" என்றான். எனக்கு அரிச்சுவடி என்று பட்டப்பெயர் வைத்தவனும் அவன்தான்.

மூட்டை தூக்கிய வருஷங்களைப் பற்றி ஒரு தடவை நானே எழுதி, இரண்டாம் பக்கம் முழுக்கப் போட்டேன். படமில்லை, பெட்டியில்லை. வெளிவந்த அன்றே மெஷினுக்கு அடியில் எண்ணெய் சொட்டாமலிருக்க அதை விரித்திருந்தார்கள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாமா. ஒரு பொட்டியப் போட்டு, கையக் காட்டி விடுங்க, பாக்கறோம்" என்றான் மச்சினன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் மேடம் ஓர் அறிவிப்பைக் கொடுத்தார். இரண்டாம் நம்பர் தொட்டியில் விஷவாயு சேர்ந்திருக்கிறது, மறு உத்தரவு வரை யாரும் இறங்கக் கூடாது. முதல் பக்கத்தில் சிவப்புப் பெட்டிக்குள் போடச் சொன்னார். தொட்டிக்குப் போர்டு எழுதப் பெயிண்டர் வரும்வரை இதுதான் போர்டு என்றார். அப்படியே ஒட்டிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் ஒட்டியதைப் பிரித்தெடுத்தேன்.

சிவப்புப் பெட்டிக்குள் கால்பந்துப் போட்டி முடிவை, ஜெயித்த அணியின் போட்டோவோடு வைத்தேன். அதை நோக்கி விரல் நீட்டும் கைப்படம் ஒன்று. அறிவிப்பை மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், கடைசிப் பத்தியாக ஒட்டினேன். ஓர் எழுத்துகூட விடவில்லை, நீங்களே பார்க்கலாம்.

தாளை அவன் கையில் நான்தான் கொடுத்தேன்.

"முக்கியமா எதுனா இருக்கா மாமா?"

"கை காட்டற எடத்தப் பாரு மாப்ள."

ஜெயித்த அணியில் அவன் இருந்தான். தன் போட்டோவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தான். தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். மத்தியானம் தொட்டியில் இறங்கினான். அவனை இழுக்கப் போன மெக்கானிக்கும் மேலே வரவில்லை. மெக்கானிக் படித்தவர். அவரும் கைப்படத்தோடு நிறுத்திக்கொண்டவர்தான்.

அவன் இறங்குவான் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அந்த வாரம் இரண்டாம் நம்பர் அவன் முறை. ஏதோ கைத்தவறு என்று மேடம் எனக்காகப் பரிந்து பேசினாராம். அது தவறில்லை. தெரிந்துதான் ஒட்டினேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்டாட்டி நேற்று ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அழவில்லை. "வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந்தம்பி இருந்திருப்பானே" என்று மட்டும் கேட்டாள்.

இருந்திருப்பான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் எப்போதுதான் படிக்கக் கற்றுக்கொள்வான்?